மார்பகக் கட்டியைத் துளைவழி அகற்றுதல்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெட்டாமல் ஊசியாலேயே கட்டியை எடுக்கலாமாமே, உண்மையோ?

உண்மைதான், ஆனால் எல்லாக் கட்டிக்கும் அல்ல. தோலில் 4 அல்லது 5 மில்லிமீற்றர் கீறலிட்டு, அல்ட்ராசவுண்ட் ஸ்கான் திரையில் பார்த்தபடி, தடித்த ஊசியொன்றைக் கட்டிக்குக் கீழே நுழைத்து, உறிஞ்சிச் சீவிச் சீவி வெளியே எடுப்பதுதான் இந்த முறை. வெற்றிட உறிஞ்சல் முறை என்பார்கள். ஆளை மயக்குவதில்லை, அந்த இடம் மட்டும் விறைக்க ஊசி போடுவார்கள். தையல் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

கருவி 1995 அளவில் அமெரிக்காவில் வந்தது. முதலில் அது பயொப்சிக்கு, அதாவது சோதனைக்குத் துண்டெடுப்பதற்கு மட்டும்தான். துண்டு எடுக்க எடுக்கச் சின்னக் கட்டிகள் முழுதாகவே மறைவதைக் கண்ட பிறகு, கட்டியை அகற்றவும் அதையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். புற்றல்லாத கட்டிகளை இப்படி அகற்றுவது பற்றிப் சிகிச்சை முறைகளை மதிப்பிடும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2006இல் வழிகாட்டல் வெளியிட்டது.

கட்டி முழுத் தேங்காயாக வெளியே வராது, துருவலாகத்தான் வரும். இதை மனதில் வைத்திருங்கள். யாருக்கு இது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

கட்டி என்று கண்டதும் நேரே இதற்குப் போகலாமோ?

போகக்கூடாது. கட்டி என்ன என்று தெரிந்த பிறகுதான் அதை எப்படி எடுப்பது என்ற பேச்சு. அதற்கு முன் மூன்று சோதனைகள் முடிய வேண்டும்.

முதலாவது, வைத்தியர் கையால் பார்ப்பது. மாதவிடாய் வருகிறவர்களுக்கு, அது தொடங்கி 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் பார்ப்பது நல்லது. அதற்குப் பிந்திய நாட்களில் மார்பு கனத்துத் திரள் திரளாக இருக்கும், இல்லாத கட்டியும் கைக்குத் தட்டுப்படும்.

இரண்டாவது, படம். 35, 40 வயதுக்குக் கீழே முதலில் அல்ட்ராசவுண்ட். அந்த வயதுக்கு மேலே மமோகிராமும், அதாவது மார்பக எக்ஸ்ரேயும் சேரும். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மமோகிராமில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும், கட்டி அதற்குள் ஒளிந்துவிடும். அறிக்கையின் முடிவில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 2 என்றால் தீங்கில்லாதது. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 வீதம் அல்லது அதற்கும் குறைவு. 4 என்பது 2 முதல் 95 வீதம் வரை நீளும் பெரிய வகுப்பு, பயொப்சி கட்டாயம். 5 என்றால் 95 வீதமோ அதற்கு மேலோ. 4 என்று கண்டதும் வீடு முழுக்க அழுகிறதும் உண்டு, 3 என்று கண்டு கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறதும் உண்டு. இரண்டும் வேண்டாம்.

மூன்றாவது, துண்டெடுத்துப் பார்ப்பது. 14 கேஜ் ஊசியால், அதாவது ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசியால், சில துண்டுகள் எடுத்து நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். மெல்லிய ஊசியால் கலங்களை மட்டும் உறிஞ்சும் சோதனையும் உண்டு. ஆனால் அதில் திசுவின் அமைப்புத் தெரியாது. அகற்றுவதா விடுவதா என்று தீர்மானிக்கத் துண்டுதான் உறுதி.

மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். கைக்கு ஐமிச்சமாகப்பட்டு, பயொப்சி "ஒன்றுமில்லை" என்று வந்தால், ஊசி சரியான இடத்தில் படவில்லையோ என்று திரும்பப் பார்ப்பதுதான் முறை.

என்ர மகளுக்கு 19 வயசு. பைப்ரோஅடினோமா எண்டு சொல்லிப்போட்டினம். எடுக்கத்தான் வேணுமோ?

பெரும்பாலும் தேவையில்லை. இது புற்றல்லாத கட்டி. 15 முதல் 35 வயதுக்குள் வரும் கட்டிகளில் மிகச் சாதாரணமானது இதுதான். தொட்டால் வழுக்கி நகரும், இறப்பர்போல இறுகியிருக்கும், நோகாது. சாதாரண பைப்ரோஅடினோமா புற்றாக மாறுவது மிக மிக அரிது. ஈஸ்திரோஜன் ஹோர்மோனுக்கு ஆடுவதால் கர்ப்பகாலத்தில் கொஞ்சம் பெருக்கலாம், மாதவிடாய் நின்ற பிறகு சுருங்கும். சில இடையிலேயே தானாகக் கரைந்தும் போகும்.

அகற்ற நியாயமான காரணங்கள் இவை: ஆறு மாத இடைவெளி ஸ்கான்களில் தெளிவாக வளர்கிறது, 3 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டது (அப்போது ஊசியால் அல்ல, திறந்த சத்திரசிகிச்சையால்), பயொப்சி அறிக்கை ஐயத்துக்கு இடம் வைக்கிறது, நோவு தருகிறது, அல்லது பிள்ளைக்கு அது இருப்பதே பெரிய மனவருத்தம். கடைசிக் காரணமும் காரணம்தான். ஆனால் அந்த மனவருத்தம் பிள்ளையுடையதா, கலியாணப் பேச்சை நினைத்துத் தாய்க்கு வந்ததா என்று ஒருக்கால் யோசியுங்கள். 1 சென்ரிமீற்றர்க் கட்டியை ஊர்க்கதைக்குப் பயந்து எடுப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

ஒரு மார்பில் நாலைந்து கட்டி இருந்தால் எல்லாவற்றையும் தோண்டத் தேவையில்லை. வளர்கிறதை எடுத்து மற்றதைக் கவனிப்பதே வழக்கம்.

உள்ளே தண்ணீர்க் கட்டி என்றார்கள். அதற்கும் இந்தக் கருவி வேண்டுமா?

வேண்டாம். சாதாரண ஊசியால் நீரை இழுத்தாலே கட்டி வற்றிவிடும். வந்த நீர் இரத்தம் கலந்திருந்தால் ஆய்வுக்கு அனுப்புவார்கள். சுவர் தடித்ததாகவோ உள்ளே திண்மப் பகுதியோ இருந்தால் கதை வேறு, அங்கே பயொப்சி வேண்டும்.

யாருக்கு இது கூடாது?

புற்று என்று உறுதியானவர்களுக்கு இது சிகிச்சை அல்ல. புற்றுக்கட்டியைச் சுற்றி நல்ல திசுவும் சேர்த்து ஒரே துண்டாக எடுத்து, ஓரத்தில் புற்றுக் கலம் இல்லை என்று நோயியல் நிபுணர் பார்க்க வேண்டும். துருவலாக வந்ததில் ஓரம் எது, நடு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

பைலோடஸ் கட்டி என்ற ஐயம் இருந்தாலும் அதே காரணம். இது ஸ்கானில் பைப்ரோஅடினோமாபோலவே தெரியும், ஆனால் வேகமாக வளரும், சுற்றுத் திசுவோடு எடுக்காவிட்டால் திரும்ப வரும். சில மாதத்துக்குள் இரட்டித்த கட்டியை ஊசிமுறைக்குக் கேட்டு அலையாதீர்கள்.

இவை தவிர, தோலுக்கு மிக அருகில் உள்ள கட்டி (தோலும் உறிஞ்சப்பட்டு ஓட்டையாகும்), முலைக்காம்புக்கு நேர் பின்னால் உள்ளது, சிலிக்கோன் பொருத்திய மார்பு, இரத்தம் உறையாத நோய், நிறுத்த முடியாத இரத்த மெலிதாக்கி மருந்து, இவற்றில் திறந்த சத்திரசிகிச்சையே பாதுகாப்பு. பாலூட்டும் தாய்க்கு முடிந்தவரை பிற்போடுவார்கள். துளைவழியே பால் கசிந்து புண் ஆறாமல் இழுபடும்.

ஊசிமுறைக்கு ஏன் 3 சென்ரிமீற்றர் என்று மேல் எல்லை வைக்கிறார்கள்?

விட்டத்தைப் பார்த்தால் 1 சென்ரிமீற்றரும் 3 சென்ரிமீற்றரும் கிட்டக் கிட்டத்தான். கன அளவைப் பாருங்கள். 1 சென்ரிமீற்றர் உருண்டை ஏறத்தாழ அரை மில்லிலீற்றர். 2 சென்ரிமீற்றர் 4 மில்லிலீற்றருக்குக் கொஞ்சம் மேல். 3 சென்ரிமீற்றர் 14 மில்லிலீற்றர், அதாவது 27 மடங்கு. ஊசி ஒவ்வொரு தடவையும் எடுப்பதோ ஒரு கிராமின் சிறு பங்கு. கட்டி பெருக்கப் பெருக்கத் துண்டுகளின் எண்ணிக்கையும் நேரமும் இரத்தக்கசிவும் கூடும். இரத்தம் தேங்கினால் ஸ்கான் படம் கலங்கும். படம் கலங்கினால் மிச்சம் விடுபடும். அனுபவமுள்ள கைகள் 3 வரை போகும், பலர் 2.5உடன் நிறுத்துவார்கள். அப்படி நிறுத்துகிறவரை நம்பலாம்.

அன்று மேசையில் என்ன நடக்கும்?

மல்லாக்கக் கிடத்தி, அந்தப் பக்கக் கையைத் தலைக்கு மேலே வைத்து, முதுகுக்கு ஒரு பக்கம் தலையணை கொடுத்துச் சற்றுச் சரிப்பார்கள். மார்பு தட்டையாகப் பரவினால் கட்டிக்கும் நெஞ்சுச் சுவருக்கும் உள்ள தூரம் தெளிவாகத் தெரியும். ஸ்கான் பார்த்துத் தோலில் பேனையால் குறிப்பார்கள். பிறகு கிருமிநீக்கி பூசித் துணி விரிப்பார்கள்.

அடுத்தது விறைப்பூசி. 1 வீத லிக்னோகேய்ன் சில மில்லிலீற்றர் தோலுக்கு. பிறகு அட்ரினலின் சேர்த்த அதே மருந்து 10 முதல் 20 மில்லிலீற்றர் ஆழத்துக்கு. அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும், கசிவு குறையும். மருந்தைக் கண்டபடி பரப்புவதில்லை. கட்டிக்கும் கீழேயுள்ள தசைக்கும் நடுவே செலுத்தி, கட்டியை மேலே மிதக்கவிடுவதே நுட்பம். இப்படி உண்டாகும் இடைவெளிதான் நெஞ்சறையை ஊசியிடமிருந்து காக்கிறது. கட்டி தோலுக்குச் சற்றுக் கிட்ட இருந்தால் மேலேயும் ஒரு படை மருந்து போடுவார்கள். அட்ரினலின் சேர்த்த லிக்னோகேய்னுக்கு உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 50 கிலோ பெண்ணுக்கு 1 வீதக் கரைசலில் 35 மில்லிலீற்றர். இரண்டு மார்பிலும் ஒரே நாளில் செய்யச் சொல்லிக் கேட்கும்போது இந்தக் கணக்கும் குறுக்கே நிற்கும்.

கீறல் கட்டிக்கு நேர் மேலே இராது. வெளிப்பக்கமோ, மார்பின் கீழ் மடிப்போ, முலைக்காம்பின் கருவட்ட ஓரமோதான் இடம். அதன் வழியாக 7, 8 அல்லது 10 கேஜ் ஊசி போகும். எண் குறையக் குறைய ஊசி தடிக்கும், 8 கேஜ் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். ஊசியின் பக்கவாட்டில் ஒரு நீள வாய் இருக்கும். அதைக் கட்டிக்கு அடியில் மேல்நோக்கி நிறுத்தியதும் வெற்றிடம் திசுவை வாய்க்குள் இழுக்கும், உள்ளே சுழலும் கத்தி சீவும், துண்டு குழாய்வழியே பின்னால் உள்ள கூடைக்கு வந்து விழும். ஊசியை வெளியே எடுக்காமலே வாயை இடமும் வலமும் திருப்பித் திருப்பிச் சீவுவார்கள். கீழிருந்து மேல்தான் வேலை நடக்கும். மேலே தொடங்கினால் இரத்தமும் காற்றுக்குமிழும் கீழே உள்ளதை மறைத்துவிடும்.

திரையில் குறுக்காகவும் நெடுக்காகவும் பார்த்து மிச்சம் இல்லை என்று கண்டதும், தேங்கிய இரத்தத்தை உறிஞ்சி, தேவையென்றால் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை அடையாளமாக விட்டு, ஊசியை எடுப்பார்கள். பிறகு 10 முதல் 15 நிமிடம் கையால் இறுக்கி அழுத்த வேண்டும். முழு வேலையிலும் சலிப்பானது இது, அவசரப்பட்டால் பின்னால் வினை தருவதும் இதுதான். கீறலுக்கு ஒட்டுப்பட்டி, மேலே இறுக்கிய கட்டு. எல்லாம் சேர்த்து அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம்.

நோகுமோ?

விறைப்பூசி ஏறும்போது எரியும். பிறகு இழுபடுவதும் அதிர்வும் தெரியும், வெட்டுவது தெரியாது. இயந்திரத்தின் சத்தத்துக்குத்தான் பலர் வெருளுவார்கள். நடுவில் கூர்மையாகக் குத்தினால் உடனே சொல்லுங்கள், மருந்து கூட்டலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் உடம்பு விறைத்து ஊசி விலகும்.

பெண் தாதியொருவர் கூட நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வெட்கப்படத் தேவையில்லை.

முதலே என்ன சொல்ல வேண்டும்?

வீட்டில் குடிக்கும் எல்லா மருந்தையும். அஸ்பிரின், குளோபிடோகிரல், வோர்பரின் மூன்றும் இரத்தத்தை உறையவிடாது. இவற்றை எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை அந்த மருந்தைத் தந்த வைத்தியரிடமே கேளுங்கள். இருதயத்துக்குக் குழாய் வைத்தவர் தானாக நிறுத்தினால் மார்பகக் கட்டியைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும். உள்ளிப் பொடிக் குளிசை, மீன் எண்ணெய்க் குளிசை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளியிருந்தால் அதையும்.

பட்டினி கிடக்கத் தேவையில்லை. வெறும் வயிற்றோடு போனால்தான் தலைசுற்றும். முன்பக்கம் திறக்கும் சட்டையும், கம்பி இல்லாத இறுக்கமான உள்ளாடையும் கொண்டு போங்கள். திரும்பும்போது ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம், ஆரையாவது கூட்டிப் போங்கள்.

என்னென்ன பிழையாகலாம்?

அதிகம் நடப்பது இரத்தம் கட்டுதல். எல்லோருக்கும் கொஞ்சம் நீலம் பாயும், பச்சையாகி மஞ்சளாகி 2, 3 கிழமையில் மறையும். சிலருக்கு உள்ளே திரண்டு கல்லுப்போல நிற்கும். காரணம் பெரும்பாலும் அழுத்தம் போதாமை, அல்லது முதல் நாளே வேலை செய்தது.

தொற்று அரிது. தோல் கிழிவது, கட்டி மேலாக இருந்து அதைக் கவனிக்காவிட்டால். நெஞ்சறைக்குள் ஊசி போய் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுவது மிக அரிது, மெலிந்தவர்களில் ஆழமான கட்டிக்குத்தான் அந்தப் பயம்.

கட்டியின் ஒரு பகுதி மிஞ்சுவதும் நடக்கும். பெரிய கட்டிகளில் அது கூடுதலாக நடக்கும். மிஞ்சியது சில வருடத்தில் திரும்ப வளரலாம். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லாமல் "முழுசா எடுத்திடுவம்" என்று சத்தியம் பண்ணுகிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

வீட்டில் எப்படி இருக்க வேண்டும்?

இறுக்கக் கட்டு 24 மணி நேரம். அதன்பின் இறுக்கமான உள்ளாடை, ஒரு கிழமை இரவும் பகலும். ஒட்டுப்பட்டி 5 முதல் 7 நாளில் தானாகக் கழரும், உரிக்க வேண்டாம். முதல் நாள் ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைத்தெடுக்கலாம்.

நோவுக்கு பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு 8ஐத் தாண்டாமல். 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அஸ்பிரினும் ஐபுபுரோபனும் முதல் சில நாள் வேண்டாம்.

கிணற்றில் வாளியால் அள்ளுவதை ஒரு கிழமைக்கு விடுங்கள். அந்த இழுவையில் வேலை செய்வது மார்புக்கு அடியிலுள்ள தசைதான். தேங்காய் துருவுவது, உரலில் இடிப்பது, முற்றம் கூட்டுவது, அரிசி மூட்டை தூக்குவது எல்லாம் அதே கணக்கு. மறுநாளிலிருந்து கழுத்துக்குக் கீழே மெல்ல வார்த்துக் குளிக்கலாம். கீரிமலைக் கேணியிலும் கடலிலும் இறங்குவது இரண்டு கிழமைக்குப் பிறகு. நல்லூரில் அடியழிக்க நேர்த்தி வைத்தவர்கள் திருவிழாவுக்கு முன் நாளைக் கணக்கிட்டுத் திகதி எடுங்கள். விழுந்து விழுந்து எழும்புவதை ஆறாத மார்பு தாங்காது.

எண்ணெய் தேய்த்து உருவுவது கூடவே கூடாது. கட்டின இரத்தத்தைக் கரைக்கிறோம் என்று உருவி, நின்ற கசிவைத் திரும்பத் திறந்துவிடுவார்கள்.

கட்டு நனைந்தால் படுத்து, உள்ளங்கையால் 15 நிமிடம் எடுத்தெடுத்துப் பாராமல் அழுத்துங்கள். அதற்கும் நிற்காவிட்டால், மார்பு சில மணிக்குள் வீங்கி இறுகினால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல், சிவப்பு, சீழ் கண்டால் அன்றே வைத்தியசாலை. மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவு.

ஒரு மாசம் கழிச்சு அதே இடத்தில திரும்பக் கட்டி கைக்குப் படுது. திரும்ப வந்திட்டுதோ?

ஒரு மாதத்தில் பைப்ரோஅடினோமா அப்படி முளைக்காது. கைக்குப் படுவது பெரும்பாலும் உறைந்த இரத்தமும் ஆறும் வடுவும்தான். கரைய 3 மாதமும் ஆகலாம். மிச்சம் உண்டா என்று தீர்மானிக்க 6 மாத ஸ்கான்தான் நம்பத்தக்கது. அதற்கிடையில் பெருத்துக்கொண்டே போனால் காத்திராமல் காட்டுங்கள்.

அறிக்கை வந்த பிறகு?

எடுத்த துண்டுகள் எல்லாம் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். "சும்மா பைப்ரோஅடினோமாதானே" என்று எறிவது பிழை. முன் பயொப்சியோடு ஒத்து வந்தால் 6 மாத ஸ்கானோடு சரி. பைலோடஸ் என்று வந்தால் வகையைப் பொறுத்துக் கவனிப்பதோ சுற்றுத் திசுவை வெட்டி எடுப்பதோ. கலங்களில் இயல்பற்ற மாற்றம் என்றால் மேலும் திசு எடுக்க நேரலாம். எதிர்பாராமல் புற்று என்று வந்தால் முறையான சத்திரசிகிச்சை. கட்டி இருந்த இடத்தை அப்போது காட்டித் தருவது அந்தக் கிளிப்தான்.

கிளிப் விமான நிலையத்தில் சத்தம் போடுமோ?

போடாது. பெரும்பாலும் தைத்தேனியம், சில மில்லிமீற்றர்தான். பின்னர் எம்ஆர்ஐ எடுக்கும்போது வைத்திருப்பதைச் சொன்னால் போதும்.

தழும்பு, பிள்ளைக்குப் பால்?

தழும்பு 4, 5 மில்லிமீற்றர். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அதுவும் தடிக்கலாம், காது குத்திய இடம் அப்படித் தடித்திருந்தால் முதலே காட்டுங்கள். பிற்காலத்தில் பால் கொடுப்பதற்குத் தடை பெரும்பாலும் இல்லை. முலைக்காம்புக்குப் பின்னால் பால்குழாய்கள் கூடும் இடத்தில் வேலை நடந்தால்தான் யோசனை.

திறந்து வெட்டுவது பழைய முறையோ?

இல்லை. பெரிய கட்டி, ஐயமான கட்டி, தோலை ஒட்டிய கட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. கருவட்ட ஓரத்தில் 2, 3 சென்ரிமீற்றர் வெட்டினால் ஒரு வருடத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். கட்டி முழுதாக வரும், நோயியல் நிபுணருக்கும் வேலை சுலபம். கட்டியை உள்ளேயே உறையவைத்துக் கொல்லும் முறையும் வெளிநாடுகளில் உண்டு. அதில் கட்டி மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும், ஆய்வுக்கு முழுத்திசு கிடைக்காது.

யாழ்ப்பாணத்தில் எங்கே தொடங்குவது?

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் தொடங்கலாம். 1996இல் தொடங்கிய திட்டம் அது. குறிப்பாக 35, 45 வயதுப் பெண்களை அழைத்து மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பார்ப்பார்கள். கட்டி ஏற்கெனவே கைக்குப் பட்டுவிட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் யாழ் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்ச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் எடுங்கள். அரச வைத்தியசாலையில் சோதனையும் சத்திரசிகிச்சையும் இலவசம். புற்று என்று வந்தால் தொடர் சிகிச்சைக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. தோல் குழிவது, முலைக்காம்பு புதிதாக உள்ளிழுப்பது, இரத்தம் கசிவது, அக்குளில் நெறி, 40க்கு மேல் புதுக்கட்டி, இவற்றில் ஒன்று இருந்தால் இந்தக் கிழமையே போங்கள்.

வெற்றிட ஊசிக் கருவி எல்லா வைத்தியசாலையிலும் இருப்பதில்லை. ஊசி ஒருவருக்கு ஒன்று, மலிவும் அல்ல. தனியாரிடம் போகும்போது, சொல்லும் தொகையில் ஊசி, கிளிப், ஆய்வுகூடக் கட்டணம் மூன்றும் அடக்கமா என்று கேளுங்கள். செய்பவர் மாதம் எத்தனை செய்கிறார், இரத்தம் நிற்காவிட்டால் அங்கேயே சத்திரசிகிச்சைத் தியேட்டர் உண்டா என்றும் கேளுங்கள்.

கொழும்புக்குப் போகிறவர்கள் அன்றிரவே பஸ் ஏற வேண்டாம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் குலுக்கத்தில் கட்டு நனைந்தால் வழியில் பார்க்க ஆளில்லை. ஓரிரவு தங்கிக் காட்டிவிட்டு வாருங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் ஸ்கான் படங்களையும் பயொப்சி அறிக்கையையும் கொண்டு போங்கள். திரும்பும்போது புது அறிக்கையோடு திசுவின் கண்ணாடித் தகடுகளையும் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் ஐயம் வந்தால் இங்குள்ள நோயியல் நிபுணர் திரும்பப் பார்க்க அவைதான் வேண்டும்.